அம்மன் இல்லை, நான்தான்

எங்கள் ஊரில் ஒரு பெண் பேசாமல் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றால் அதற்கு இரண்டே விளக்கம்தான் உண்டு. ஒன்று பைத்தியம். இல்லையென்றால் அம்மன். நடுவில் எதுவும் கிடையாது. கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கு முதல் பட்டம் கிடைத்தது. இந்த வருஷ ஜாத்திரைத் திருவிழாவில் இரண்டாவதும் கிடைத்துவிட்டது. இரண்டில் எது அதிக ஆபத்து என்று புரிவதற்குள் என் கை வெந்துபோயிற்று.

என் பெயர் கன்னிகா. பிறந்தது ஊத்துக்கோட்டைப் பக்கம், வாழ்க்கைப்பட்டது ஆந்திர எல்லைக்குள், புத்தூருக்கும் நகரிக்கும் நடுவில் ஒரு கிராமத்தில். வீட்டுக்காரர் தனசேகர் மாந்தோப்பு பார்த்துக்கொள்கிறார். அதிகம் பேசமாட்டார், பேசினாலும் மாம்பூவையும் பனியையும் பற்றித்தான். நான் தினமும் பஸ் பிடித்துத் திருப்பதிக்குப் போகிறேன். அலிபிரிக்குப் போகிற ரோட்டில் ஒரு லாட்ஜில் ரிசப்ஷனில் வேலை. மொட்டை அடித்தவர்கள், அடிக்கப்போகிறவர்கள், தரிசன டிக்கெட்டைத் தொலைத்தவர்கள், பெண்டாட்டியையே கூட்டத்தில் தொலைத்தவர்கள் என்று எல்லாரும் முதலில் என்னிடம்தான் வந்து கத்துவார்கள். நானும் திருப்பிக் கத்துவேன். எனக்கு அந்த வேலை பிடிக்கும்.

எனக்கு ஒரு வழக்கம் உண்டு. நான் போய்விடுவேன். உடம்பு இங்கேயே நிற்கும், கண் திறந்தே இருக்கும், ஆனால் நான் இருக்கமாட்டேன். இது தொடங்கியதும் இதே புத்தூரில்தான். எனக்குப் பதினொரு வயது. புளியமரத்திலிருந்து விழுந்து முழங்கை எலும்பு விலகிவிட்டது. எங்கள் பக்கத்தில் எலும்பு முறிந்தால் யாரும் யோசிப்பதில்லை, நேராக புத்தூர்க் கட்டுதான். எங்கள் நைனா, அப்பாதான், என்னைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். கட்டுப் போடுகிறவர் என் கையைப் பிடித்து, "பாப்பா, செவுத்தப் பாரு" என்றார். சுவரில் ஏதோ உரக்கடை காலண்டர். வெளிநாட்டு ஊர் ஒன்றின் படம். மலைச்சரிவு, சிவப்பு ஓட்டு வீடுகள், வளைந்து போகும் ஒரு தெரு. அவர் கையை இழுத்தார். நான் அந்தத் தெருவில் இருந்தேன்.

திரும்பி வந்தபோது மூங்கில் தப்பை வைத்துக் கட்டி முடித்திருந்தார்கள். "அழவே இல்ல, இன்னா தைரியம்!" என்று நைனா எல்லாரிடமும் சொல்லிக்கொண்டார். தைரியமாவது மண்ணாவது. அழுவதற்கு நான் அங்கே இருந்தால்தானே?

அதன்பிறகு அம்மா செத்தபோது போனேன். பரீட்சையில் தோற்றபோது போனேன். போகப்போக அந்தத் தெரு என்னுடையதாயிற்று. வெளிநாட்டு வீடுகளுக்கு நடுவே ஒரு டிபன் கடை திறந்தேன். அங்கே சட்னி தீர்ந்துபோகாது. ஒரு தையற்காரி வந்தாள். ஜாக்கெட்டை நாளைக்குத் தருகிறேன் என்று வருஷக்கணக்காகப் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறாள். கை காட்டிய இடத்திலெல்லாம் நிற்கிற பஸ் ஒன்றும் உண்டு. எங்கள் மாநிலத்தில் இல்லாத அதிசயம் அது. இவ்வளவு பேரும் எங்கே இருந்தார்கள் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. நான் ஒன்றும் படித்தவள் இல்லை, எழுதுகிறவளும் இல்லை. ஆனால் அந்தத் தெருவில் ஒரு வீட்டின் கதவைத் திறந்தால் உள்ளே யார், அவர்களுக்குள் என்ன சண்டை என்று என்னால் ராத்திரி முழுக்கச் சொல்ல முடியும்.

சிக்கல் என்னவென்றால், முன்பெல்லாம் நான் போனேன். பிற்பாடு அது என்னை இழுத்துக்கொண்டு போக ஆரம்பித்தது. யாராவது குரலை உயர்த்தினால் போதும். ஒரு பிராணி கத்தினால் போதும். அடுப்பில் பால் பொங்கி வழியும், நான் டிபன் கடையில் இருப்பேன். அத்தை வந்து தோளை உலுக்கி, "எங்கடி போய்ட்ட?" என்று கேட்பார். அத்தை என்றால் என் மாமியார், பெயர் தாட்சாயணி. வாய் கொஞ்சம் நீளம், மனசு அதைவிட நீளம் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

வைகாசியில் எங்கள் ஊர் அம்மன் கங்கம்மாவுக்கு ஜாத்திரை. காலையிலிருந்து பட்டினி. தலையில் பொங்கல் பானை, காலில் செருப்பில்லை, வெயில் மண்டையைப் பிளந்தது. பம்பைக்காரர்கள் காதருகில் நின்று அடித்தார்கள். அதுகூடப் பரவாயில்லை. கோயிலுக்கு எதிரே ஓர் ஆட்டை இழுத்துக்கொண்டு வந்தார்கள். அது ஒரு சத்தம் போட்டது. அவ்வளவுதான், நான் போய்விட்டேன்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் மற்றவர்கள் சொல்லிக் கேட்டது. சாமி வந்தால் ஆடுவார்கள், தலைவிரித்துக் கத்துவார்கள். நான் ஆடவில்லை, அசையவில்லை, இமைக்கவும் இல்லையாம். தலையில் பானை அப்படியே நின்றதாம். எங்கள் மாமனாரின் தம்பி முனிரத்தினம், எனக்குச் சின்ன மாமா, முன்னால் வந்து பார்த்தார். அவர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு கூட்டத்தைக் கண்டால் அதை வரிசையில் நிறுத்தாமல் அவருக்கு இருப்புக்கொள்ளாது. "ஆடறது சின்ன சாமி. ஆடாத நிக்கறா பாரு, இவதான் பெரிய கங்கம்மா!" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். சோதித்துப் பார்க்க என் உள்ளங்கையில் கற்பூரத்தை வைத்துக் கொளுத்தினார். அது எரிந்து முடியும்வரை நான் கையை இழுக்கவில்லை.

இதற்குமேல் யாருக்கு என்ன சாட்சி வேண்டும்? கூட்டத்தில் ஒருவர் கும்பிட்டபடி, "தாயி, எம் பசு காணாப் போச்சு" என்றார். நான், "கெணத்துப் பக்கம் போங்க" என்றேனாம். அந்த நேரம் என் தெருவில் ஒரு லாரிக்காரருக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தேன் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பசு கிணற்றுமேட்டில் கிடைத்துவிட்டது. அந்த வெயிலில் எங்கள் ஊரில் பச்சைப்புல் இருக்கிற இடம் அது ஒன்றுதான். பசுவுக்கு அது தெரிந்திருக்கிறது, பசுவின் சொந்தக்காரருக்குத்தான் தெரியவில்லை.

நான் திரும்பி வந்தபோது கையில் கொப்புளம். எரிச்சல் உயிர் போயிற்று. எதிரே ஊரே மண்ணில் விழுந்து கிடந்தது. முதல் வரிசையில் அத்தை. அவர் என் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டதைப் பார்த்ததும் எனக்குக் கை எரிச்சல்கூட மறந்துவிட்டது. அப்படிப் பயந்தேன்.

"நான் அம்மாரு இல்ல சின்ன மாமா. எனக்கு அப்டி ஆவும். சின்ன வயசுலேர்ந்து ஆவும்" என்று மறுநாள் சொன்னேன்.

அவர் கைகூப்பினார். "அப்டிதான் தாயி சொல்லுவ. நாந்தான்னு எந்த அம்மாரு ஒத்துக்குவா?"

நான் கோபப்பட்டேன்; அது அம்மனின் உக்கிரம். நான் அழுதேன்; அம்மன் மனம் இரங்கிவிட்டாள். நான் வாயை மூடிக்கொண்டேன். அம்மன் மௌனம் காக்கிறாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் எனக்கு முன்னால் அம்மன் நின்றுகொண்டிருந்தாள். ரோட்டோரம் சின்ன மாமாவின் மனையில் கீற்றுப் பந்தல் எழுந்தது. ஆடி முதல் வெள்ளிக்கிழமை என்னை அங்கே உட்காரவைத்துக் குறி கேட்பதென்று முடிவாயிற்று. ஃப்ளெக்ஸும் அடித்துவிட்டார்கள். மேலே தெலுங்கு, கீழே தமிழ், நடுவில் என் கல்யாண ஃபோட்டோ. பக்கத்தில் நின்ற தனசேகரை வெட்டி எடுத்துவிட்டு அங்கே ஒரு சூலத்தை வைத்திருந்தார்கள்.

அன்றைக்கு உட்கார்ந்துவிட்டால் பிறகு எழுந்திருக்க முடியாது என்று எனக்குத் தெரிந்தது. வேலை போகும். கன்னிகா என்று கூப்பிட ஆள் இருக்காது. வீட்டுக்காரரே கைகட்டி நிற்பார். எல்லாவற்றையும்விட என் தெரு போய்விடும். யாருக்கும் தெரியாமல் நான் கட்டிய தெரு அது. இனிமேல் ஊர் மொத்தமும் அங்கே வந்து மாட்டைத் தேடும்.

இதற்கு நடுவில் கைக்கு மருந்து வைக்கத் திருப்பதி ஆஸ்பத்திரிக்குத் தனசேகர் பைக்கில் கூட்டிக்கொண்டு போனார். கட்டுப் போட்ட நர்சம்மா எப்படிச் சுட்டது என்று கேட்டார். சொன்னேன். சுடும்போது வலிக்கவில்லையா என்றார். அதையும் சொன்னேன். அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மனநல டாக்டருக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். முதல் பட்டத்தை மறுபடி வாங்கத்தான் போகிறேன் என்று நினைத்துக்கொண்டே போனேன்.

டாக்டர் ஹர்ஷினிக்கு என் வயதுதான் இருக்கும். வேலூரில் படித்தவராம், தெலுங்கில் ஆரம்பித்துத் தமிழில் முடிப்பார். ஃபிட்ஸாக இருக்குமோ என்று முதலில் தலைக்கு டெஸ்ட் எடுக்கவைத்தார். அது இல்லையென்று ஆனபிறகு, அடுத்தமுறை, என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார்.

"போற எடத்துல என்னம்மா இருக்கு?"

இத்தனை வருஷத்தில் ஒருவரும் கேட்காத கேள்வி. எங்கே போய்விட்டாய் என்று திட்டியவர்கள் உண்டு. அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டவர் இல்லை. நான் சொல்ல ஆரம்பித்தேன். டிபன் கடை, பஸ், வளைவில் இருக்கிற போஸ்டாபீஸ் எல்லாவற்றையும் சொன்னேன். தையற்காரியின் பொய்யைச் சொன்னபோது டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"பர்வாலேது, பரவால்ல, அழுங்க" என்றார். பிறகு சொன்னார்: "இதுக்கு டிஸ்ஸோசியேஷன்னு ஒரு பேர் இருக்கு. தாங்க முடியாத வலி வர்றப்ப மனசு ஒதுங்கி நின்னுக்கும். சின்னப் பொண்ணு, கைய இழுக்கறாங்க, வேற என்ன செய்வீங்க? அது உங்களக் காப்பாத்திச்சு. இப்பக் கேக்காமலே இழுத்துக்கினு போவுது, கை சுட்டாலும் தெரியல. அத நாம சரி பண்ணணும். ஆனா அந்தத் தெரு நோய் இல்ல. அது நீங்க கட்டினது. ரெண்டையும் நான் ஒண்ணாப் போட்டு எடுத்தெறிய மாட்டேன்."

"அப்போ தெரு இருக்குமா?"

"இருக்கட்டும். கதவு இருக்கட்டும். தாழ்ப்பா மட்டும் உங்க கையில இருக்கணும்." அப்புறம் சட்டென்று, "லாட்ஜுல இப்படி ஆயிருக்கா?" என்று கேட்டார்.

யோசித்துப் பார்த்தேன். ஒரு தடவைகூட ஆனதில்லை. அங்கேயும் கத்துகிறார்கள், அடித்துக்கொள்கிறார்கள். ஆனால் கவுன்ட்டருக்கு எதிரே ஆள் வந்து நின்றால் என் மனசு அவர்கள் பின்னால் போய்விடும். இந்தக் கிழவர் எதற்குத் தனியாக வந்திருக்கிறார்? புதுப்பெண் எதற்குச் செருப்பையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்? சாவி எடுத்துக் கொடுப்பதற்குள் எனக்கு ஒரு முழுக்கதை தயாராகிவிடும். அதைச் சொன்னேன்.

"அதேதான் அங்கயும் வேல செய்யுது. கண்ணத் திறந்துகிட்டே செய்யறீங்க, அவ்ளோதான் வித்தியாசம்" என்றார் டாக்டர்.

தெரு இழுக்க ஆரம்பிக்கும்போது என்ன செய்வதென்று சொல்லிக்கொடுத்தார். பாதத்தைத் தரையில் அழுத்தணும். கண்ணில் படுவதையெல்லாம் பேர் சொல்லிக் கூப்பிடணும். கையில் குளிர்ந்ததாக எதையாவது பிடிக்கணும். தினமும் ஒரு நேரம் வைத்துக்கொண்டு நானே வேண்டுமென்றே தெருவுக்குப் போய், நானே திரும்பி வந்து பழகணும். ஒரே நாளில் ஆகாது, தொடர்ந்து வரணும் என்றும் சொன்னார். இப்போதும் மாதத்தில் ஒருமுறை போய்க்கொண்டுதான் இருக்கிறேன்.

திரும்பும்போது ரேணிகுண்டா தாண்டித் தனசேகர் வண்டியை மெதுவாக்கினார். உள்ளே கூப்பிட்டு டாக்டர் அவரிடமும் பேசியிருந்தார்.

"அந்தத் தெருல நான் கீறனா?" என்று கேட்டார்.

"இல்ல மாமா."

வண்டி கொஞ்ச தூரம் போனது. "வர்லாமா?"

"மொதல்ல இந்த ஆடி தாண்டட்டும், பாக்கலாம்" என்றேன். முதுகைப் பார்த்தாலே அவர் சிரிக்கிறார் என்று தெரிந்தது. கல்யாணமாகி மூன்று வருஷத்தில் அவர்மேல் எனக்கு அவ்வளவு ஆசை வந்தது அன்றைக்குத்தான்.

வீட்டில் அத்தையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் சொன்ன பெயரையும் சொன்னேன். அத்தை முறத்திலிருந்த அரிசியைப் பார்த்துக்கொண்டே கேட்டார். முடித்ததும் முறத்தை ஒதுக்கி வைத்தார்.

"டாக்டரு பேரு வெச்சா அது நோவு. தலைல நோவுன்னா இந்த ஊர்ல இன்னான்னு சொல்லுவாங்கோ தெரியுமா? கொழாயடில தண்ணி புடிக்கப் போனா, 'உம் மருமவளுக்குப் புத்தி தெளிஞ்சுதா'ன்னு கேப்பாளுங்க. மூணு வருசம் கேட்டாளுங்க. நீ டூட்டிக்குப் பூடுவ, உனக்கு இன்னா தெரியும்? ஜாத்திரைக்கு அப்பால ஒருத்தி வாயத் தொறக்கல. எனக்கு வழி வுடறாளுங்க. அவுங்க வாய மூட எனக்கு வேற இன்னா கீது, சொல்லு?"

இத்தனை நாளும் அத்தை மேல் நான் கொதித்துக்கொண்டிருந்தேன், என்னை விற்கிறார் என்றுகூட நினைத்திருந்தேன். அவரோ எனக்காகக் குழாயடியில் நின்று சண்டை போட்டிருக்கிறார். சண்டையில் அவர் கைக்குக் கிடைத்த ஒரே ஆயுதம் அம்மன். ஆனாலும் பந்தல் பந்தல்தானே. ஃப்ளெக்ஸில் நான் சூலத்தோடு சிரித்துக்கொண்டிருந்தேன்.

ஓடிப்போகலாமா என்று யோசித்தேன். ஓடினால் பைத்தியம், உட்கார்ந்தால் அம்மன். கடைசியில், உட்கார்ந்தே தீர்த்துக்கொள்வது என்று முடிவெடுத்தேன். அன்று தெருவுக்குப் போகாமல் இருந்துவிட்டால் போதும். நான் நானாக இருக்கும்போது என்னை யார் அம்மனாக்க முடியும், பார்ப்போம் என்று ஒரு வீம்பு.

ஆடி வெள்ளி வந்தது. மஞ்சள் புடவை, கழுத்தில் வேப்பிலை மாலை. சின்ன மாமா கயிறு கட்டி வரிசை பிரித்திருந்தார். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். பிச்சாட்டூர், நாகலாபுரம் பக்கத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வந்திருந்தார்கள். என்னை மணைமேல் உட்காரவைத்ததும் பம்பை ஆரம்பித்தது. சாம்பிராணிப் புகை. பந்தலுக்குப் பின்னால் யாரோ ஓர் ஆட்டைக் கட்டியிருக்கிறார்கள். அது கத்தியது.

தெரு என்னை இழுத்தது. காது அடைத்து, பந்தல் தூரமாகப் போயிற்று. சிவப்பு ஓடுகள் தெரிந்தன. டிபன் கடையின் வாசனைகூட வந்துவிட்டது. நான் பாதத்தை மண்ணில் அழுத்தினேன். கண்ணில் பட்டதை ஒவ்வொன்றாகப் பேர் சொன்னேன். கீற்று. கயிறு. சின்ன மாமாவின் விசில். அத்தையின் மூக்குத்தி. பக்கத்திலிருந்த சொம்பை எடுத்துத் தண்ணீரைக் கையில் ஊற்றிக்கொண்டேன். சிவப்பு ஓடுகள் மெல்ல மங்கின. பம்பைச் சத்தம் முழுசாகக் காதில் விழுந்தது. என்னவொரு மோசமான அடி! பம்பைக்காரன் தாளமே தப்பு. அது தெரிகிற அளவுக்கு நான் அங்கே இருந்தேன். எனக்கு எழுந்து குதிக்கவேண்டும்போல இருந்தது.

"பம்பைய நிறுத்துங்க" என்றேன். நின்றது.

வரிசையில் முதலில் நின்ற அம்மாள் வந்து எதிரே உட்கார்ந்தார். ஸ்வர்ணலதா என்று பெயர், பிச்சாட்டூர்ப் பக்கம். கையில் ஒரு பையனின் ஃபோட்டோ. மகன் திலீப் வேலைக்கென்று போனவன், இரண்டு வருஷமாகப் பேச்சே இல்லை, ஃபோன் அணைந்தே கிடக்கிறது. போலீஸில் சொல்லியாயிற்று, கோயில் கோயிலாக ஏறியாயிற்று.

"எம் புள்ள எங்க கீறான் தாயி? வருவானா?"

பசுவுக்குச் சொன்ன மாதிரி ஏதாவது சொல்லிவிடலாம். வடக்கே இருக்கிறான், தையில் வருவான் என்றால் அந்த அம்மாள் சந்தோஷமாக எழுந்து போவார். தையில் மறுபடியும் வருவார்.

"எனக்குத் தெரியாதுக்கா" என்றேன்.

"அம்மாரு சோதிக்கறா!" என்று சின்ன மாமா பின்னாலிருந்து குரல் கொடுத்தார்.

"யாரும் சோதிக்கல. நான் கன்னிகா. லாட்ஜுல வேல செய்றேன். உம் புள்ள எங்க கீறான்னு எனக்கு மெய்யாலுமே தெரியாதுக்கா."

ஸ்வர்ணலதா என் முகத்தையே பார்த்தார். அழுவார், திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் நகர்ந்து இன்னும் கிட்டே உட்கார்ந்துகொண்டார்.

"எத்தினி எடம் போய்ட்டேன். எல்லாரும் வருவான் வருவான்னுதான் சொன்னாங்கோ. தெரியாதுன்னு சொன்னது நீதாம்மா" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆனா நீ எங்கியோ போறியாமே. ஜாத்திரைல பாத்தவங்க சொன்னாங்க. அங்க... எம் புள்ளயாட்டம் யாராச்சும் கீறாங்களா?"

இருந்தார்கள். என் தெருவில் பையன்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆமாம் என்று சொல்ல வாய் துடித்தது. அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டு இல்லையென்று சொல்ல யாருக்குத்தான் மனசு வரும்?

"கீறாங்கக்கா. ஆனா அது நான் கட்டின எடம். அங்க கீறவங்கல்லாம் நான் செஞ்சவங்க. உம் புள்ளய நான் அங்க வெச்சேன்னா அவன் உம் புள்ளயா இருக்க மாட்டான், என் கதையாப் பூடுவான்."

ஸ்வர்ணலதா ஃபோட்டோவை மடியில் கவிழ்த்து வைத்தார்.

"நானும் போவேம்மா" என்றார். "மத்தியானத்துல. எல்லாரும் கழனிக்குப் போனப்புறம் அவன் தட்ட எடுத்து வெப்பேன். வந்து குந்துவான். உப்பு பத்தலன்னு சொல்லுவான், எப்பவும் அதான் அவன் பேச்சு. துன்னு முடிக்கற வரிக்கும் பாத்துக்கினு இருப்பேன். அப்பாலதான் எனக்குச் சோறு எறங்கும். யாராண்டயும் சொன்னதில்ல. சொன்னா லூசும்பாங்க."

"உனக்குத் தெரியும் இல்ல, அவன் நெஜமா அங்க இல்லன்னு?"

"தெரியாம இன்னா? பெத்தவளுக்குத் தெரியாதா? தெரிஞ்சிதான் வெக்கறேன்."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். தாழ்ப்பாளைப் பற்றி டாக்டர் எனக்கு வாரக்கணக்கில் சொல்லிக்கொடுத்ததை இந்த அம்மாள் தானாகவே பழகி வைத்திருக்கிறார், அதுவும் இவ்வளவு பெரிய வலியோடு. நான் ஒருத்திதான் இப்படி என்று பதினொரு வயதிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தேன். அது எவ்வளவு பெரிய தனிமை என்று அது உடைந்தபோதுதான் தெரிந்தது.

"அவன் இன்னா சட்ட போட்டுக்கினு வருவான்?" என்று கேட்டேன்.

அவர் முகம் மாறிவிட்டது. "நீலக் கட்டம் போட்டது" என்று ஆரம்பித்தார். சட்டையைச் சொன்னார், அவன் படி ஏறும்போது செருப்பை எத்திவிட்டு வருவதைச் சொன்னார், தங்கையை எப்படிச் சீண்டுவான் என்று சொல்லும்போது சிரித்துவிட்டார். பெண்கள் வரிசை கயிற்றைத் தாண்டி எங்களைச் சுற்றி உட்கார்ந்துவிட்டது. மேல்தெரு மஞ்சு, குழாயடியில் எல்லாரையும்விட அதிகமாகப் பேசுகிறவள், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கோலம் போடறப்ப நான் எங்க அம்மாவாண்ட பேசுவேன்க்கா. அவ செத்து நாலு வருசம் ஆவுது" என்றாள். சொல்லிவிட்டுச் சுற்றிலும் பார்த்தாள். யாரும் சிரிக்கவில்லை.

சின்ன மாமாவுக்குப் பொறுக்கவில்லை. "லைன்ல வாங்க, லைன்ல வாங்க! இதுக்கா பந்தல் போட்டேன்? தாயி, ஒரு வார்த்த குறி சொல்லு!"

அப்போது அத்தை எழுந்தார். அவர் என்ன செய்யப்போகிறார் என்று எனக்குத் தெரியவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே என்னிடம் வந்தார். என் கழுத்திலிருந்த வேப்பிலை மாலையைக் கழற்றினார். அதைக் கொண்டுபோய்க் கோயிலில் போடச்சொல்லித் தனசேகரிடம் கொடுத்தார். பிறகு என் உள்ளங்கையைத் திருப்பி, தழும்பைத் தன் கட்டைவிரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார்.

"காலைலேர்ந்து ஒண்ணும் துன்னல நீ. எழுந்து வா" என்றார்.

பந்தலைச் சின்ன மாமா பிரிக்கவில்லை. மாம்பழம் விற்கிறவர்களுக்கு விட்டுவிட்டார். அங்கேயும் வரிசை அவர் பொறுப்புதான். ஃப்ளெக்ஸைத் தனசேகர் கழற்றி வந்து, தன்னை வெட்டிய இடத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மாட்டுக்கொட்டகைக்குக் கூரையாகப் போட்டார். ஸ்வர்ணலதா அக்கா அவ்வப்போது ஃபோன் செய்கிறார். திலீப் இன்னும் வரவில்லை. வருவான் என்று நாங்கள் இருவரும் நம்புகிறோம். தெரியும் என்று இருவரும் சொல்லிக்கொள்வதில்லை. எனக்கும் முழுசாகச் சரியாகிவிடவில்லை. போன வாரம்கூடப் பால் பொங்கி வழிந்தது. ஆனால் அடுப்பை அணைத்தது நான்தான்.

பந்தலில் உட்கார்ந்ததற்கு அடுத்த வெள்ளிக்கிழமை நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். விஷயம் தெரியாமல் சத்தியவேட்டுப் பக்கத்திலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்து வாசலில் நின்றார்கள். குழாயடிக்குப் போகிற பெண்களும் குடத்தோடு நின்று வேடிக்கை பார்த்தார்கள். நான் உள்ளே தலைவாரிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன்.

"அம்மாரு கோயில்ல கீறா, அந்தாண்ட போங்க" என்றார் அத்தை. "இங்க எம் மருமவதான். டூட்டிக்குப் போவ நேரமாவுது அவளுக்கு."

"சாமி இல்லன்னா, பின்ன இன்னா அவளுக்கு?" என்று வேனிலிருந்து ஒரு குரல் கேட்டது.

சீப்பு என் கையில் நின்றுவிட்டது. குடங்கள் காத்திருந்தன. அத்தை கொஞ்சம் யோசித்தார்.

"உள்ள ஒரு ஊரு வெச்சினு கீறா. சமயத்துல அங்க பூடுவா, வந்துடுவா" என்றார். பிறகு குழாயடிப் பெண்கள் பக்கம் திரும்பி, குரலை ஏற்றிக் கேட்டார்: "ஏன், உங்களுக்கெல்லாம் இல்லியா?"

ஒருத்தியும் இல்லையென்று சொல்லவில்லை.